மரக்கரி: மத்திய கால இரும்புக்குப் பின்னால் நின்ற காடு

மத்திய காலத்து அரசுகளின் வரலாறு பெரும்பாலும் வாளையும் ஏரையும் கொண்டு சொல்லப்படுகிறது. வாளுக்கும் கொழுவுக்கும் தேவைப்பட்ட இரும்பைப் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அந்த இரும்பை மண்ணிலிருந்து பிரித்தெடுக்க உதவிய மரக்கரியைப் பற்றியும், அதை எரித்தெடுத்த மனிதர்களைப் பற்றியும், அதற்காக வெட்டப்பட்ட காடுகளைப் பற்றியும் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது.

நிலக்கரியைப் பயன்படுத்தி இரும்பு உருக்கும் முறையை சீனர்கள் 11-ஆம் நூற்றாண்டளவிலேயே அறிந்திருந்தனர். உலகின் ஏனைய பகுதிகளில், 18-ஆம் நூற்றாண்டு வரையிலும், பல இடங்களில் அதற்குப் பின்னரும், இரும்பு என்றால் அது மரக்கரியால் ஆன இரும்புதான். தமிழகத்தின் சேலம், கொங்குப் பகுதிகளும், இலங்கையின் மத்திய மலைநாட்டுச் சரிவுகளும், ஐரோப்பாவின் பாஸ்க் நாடும் இதற்கு விதிவிலக்கல்ல.

கரி எரிப்பவர்கள் காடுகளை அழித்தார்களா, அல்லது காடு அழிந்தால் தம் தொழிலே அழியும் என்பதால் அதைப் பேணினார்களா என்ற கேள்வி வரலாற்று ஆய்வாளர்களிடையே நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இராமநாதபுரத்தில் இன்றும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களைப் பொறுத்தவரை இது கடந்த காலத்தைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல.

விறகு ஏன் போதவில்லை?

வெட்டிய விறகை அப்படியே உலையில் இட்டு இரும்பு உருக்க முடியாது. காய்ந்த விறகிலும் கணிசமான ஈரப்பதம் இருக்கும். எரியும் போது வெப்பத்தின் ஒரு பகுதி அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும்.

மரத்தைக் காற்று அதிகம் புகாதவாறு மூடி எரித்தால், முதலில் நீரும், பின்னர் தார், அமிலங்கள், வாயுக்கள் ஆகியவையும் வெளியேறுகின்றன. வெப்பம் சுமார் 280 பாகை செல்சியஸை எட்டும்போது மரம் தானாகவே சிதைந்து மேலும் வெப்பத்தை வெளியிடத் தொடங்குகிறது. 400 முதல் 500 பாகை அளவில் இந்த மாற்றம் ஏறக்குறைய முடிவடையும்போது, பெரும்பாலும் கார்பன் மட்டுமே எஞ்சுகிறது. இதுவே மரக்கரி. ஒரே எடையுள்ள காய்ந்த விறகோடு ஒப்பிட்டால், மரக்கரி தரும் வெப்பம் ஏறத்தாழ இரு மடங்கு.

இரும்பு உலையில் மரக்கரிக்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, ஆயிரம் பாகையைத் தாண்டிய வெப்பத்தைத் தருவது. இரண்டாவது, அதைவிட முக்கியமானது. இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டுப்பொருள். கரி எரியும்போது உருவாகும் கார்பன் மோனாக்சைடு வாயு, தாதுவில் உள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு இரும்பை விடுவிக்கிறது. ஆக, கரி இங்கே எரிபொருளாக மட்டுமல்லாமல், தாதுவை உலோகமாக மாற்றும் வேதிப்பொருளாகவும் செயல்படுகிறது. கந்தகம் மிகக் குறைவாக இருப்பதால் அது இரும்பைக் கெடுப்பதும் இல்லை. பிற்காலத்தில் நிலக்கரியை நேரடியாகப் பயன்படுத்த முயன்றவர்களுக்கு ஏற்பட்ட பெரும் தடை இந்தக் கந்தகம்தான்.

மூட்டமும் புகையும்

கரி எரிக்கும் அடிப்படை முறை நாட்டுக்கு நாடு பெரிதாக வேறுபடவில்லை. விறகுத் துண்டுகளை நெருக்கமாக அடுக்கிக் குவிக்க வேண்டும். அதன் மேல் வைக்கோல், தழை, புல் ஆகியவற்றைப் பரப்பி, ஈர மண்ணால் பூசி மூட வேண்டும். தீ மூட்டுவதற்கு ஒரு வாயும், காற்று அளவோடு புகச் சில துளைகளும் விடப்படும். தென் தமிழகத்தில் இதைக் கரிமூட்டம் என்று அழைக்கின்றனர். குவியலுக்குப் பதிலாகக் குழி தோண்டி எரிக்கும் முறையும் பல நாடுகளில் இருந்தது.

மூட்டத்தின் அளவைப் பொறுத்து இந்த வேலை சில நாட்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை நீடிக்கும். தொழிலாளிக்குக் கருவி என்று எதுவும் கிடையாது. உள்ளே நடப்பதைப் புகையின் நிறத்தைக் கொண்டே அவர் அறிய வேண்டும். முதலில் எழும் அடர்ந்த வெண்புகை, மரத்தின் ஈரம் வெளியேறுவதைக் காட்டும். புகை மெலிந்து நீலம் பாரித்தால் மரம் கரியாகிவிட்டது என்று பொருள். அந்த வேளையில் எல்லாத் துளைகளையும் அடைத்து, உள்ளே உள்ள தீயை மூச்சுத்திணற வைத்து அணைக்க வேண்டும். தாமதித்தால் கரி சாம்பலாகிவிடும். மண் பூச்சில் ஒரு வெடிப்பு விழுந்து காற்று புகுந்தாலும் மூட்டம் முழுவதும் எரிந்து போகலாம். எனவே இரவு பகல் பாராமல் காவல் இருப்பது இந்தத் தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

இவ்வளவு கவனத்துக்குப் பின்னரும் கிடைப்பது குறைவுதான். மண் மூட்டத்தில் எரிக்கப்படும் விறகின் எடையில் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு வரையே கரியாகக் கிடைக்கிறது. மிகத் தேர்ந்த கைகளில் இது 25 விழுக்காட்டை நெருங்கலாம். அதாவது ஒரு கிலோ கரிக்கு ஐந்து முதல் பத்து கிலோ விறகு வரை தேவை.

பழைய சிறு உலைகளில் ஒரு கிலோ இரும்பை எடுத்து, அதை மீண்டும் காய்ச்சி அடித்துக் கசடு நீக்கித் தூய்மைப்படுத்த, அதைப் போல் பல மடங்கு கரி செலவானது. பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டு, மூட்டத்தில் ஆறில் ஒரு பங்கு கரி கிடைத்தது என்றும் கொண்டால், ஒரு கிலோ எடையுள்ள கொழுவுக்குப் பின்னால் 60 கிலோ விறகு இருக்கிறது. மத்திய காலத்தில் இரும்பு ஏன் விலையுயர்ந்த பொருளாக இருந்தது என்பதையும், பழைய இரும்பை எறியாமல் மீண்டும் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தியது ஏன் என்பதையும் இந்தக் கணக்கு விளக்குகிறது.

கரிக்கு மற்றொரு இயல்பும் உண்டு. விறகை விட இலேசானது என்றாலும், எளிதில் நொறுங்கக் கூடியது. வண்டியில் நெடுந்தூரம் கொண்டு சென்றால் பெரும்பகுதி தூளாகிவிடும். ஆகவே உலைகள் பெரும்பாலும் காட்டை ஒட்டியே அமைந்தன. பல இடங்களில் கரியைத் தாது இருக்கும் இடத்துக்குக் கொண்டு செல்வதை விட, தாதுவைக் கரி கிடைக்கும் இடத்துக்குச் சுமந்து செல்வதே மலிவாக இருந்தது.

கொங்கு நாட்டு உலைகள்

தமிழகத்தில் இரும்பு உருக்கும் தொழிலின் தொன்மைக்கு ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல் முக்கியச் சான்று. அங்கு 1980களில் தொடங்கி நடைபெற்ற அகழாய்வுகளில் உலைகளும், துருத்திக் குழல்களும், மூசைகளும் கண்டெடுக்கப்பட்டன. மேல்சிறுவளூரில் உருக்கு தயாரிப்பில் பயன்பட்ட மூசைகளின் எச்சங்களை உலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் 1990களில் கண்டறிந்தார்.

தென்னிந்தியாவின் உருக்கு, மத்திய காலத்தில் உலகச் சந்தையில் பெயர் பெற்ற பொருள். உருக்கு என்ற தமிழ்ச் சொல்லோடும் உக்கு என்ற கன்னடச் சொல்லோடும் தொடர்புடைய பெயரில்தான் ஐரோப்பியர்கள் அதைப் பிற்காலத்தில் ஊட்ஸ் என்று அழைத்தனர். எகிப்தின் கெய்ரோவில் யூத வழிபாட்டுத் தலம் ஒன்றில் கிடைத்த 11, 12-ஆம் நூற்றாண்டு வணிகக் கடிதங்கள், மலபார் கரையிலிருந்து ஏடனுக்கு இரும்பு அனுப்பப்பட்டதைப் பதிவு செய்கின்றன.

இந்த உருக்கின் நுட்பம் மரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. இரும்புத் துண்டுகளை ஒரு சிறிய களிமண் மூசையில் இட்டு, அதோடு ஆவாரை மரத் துண்டுகளையும் எருக்கு போன்ற செடிகளின் இலைகளையும் வைத்து, மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, கரி உலையில் பல மணி நேரம் காய்ச்சினர். உள்ளே இருந்த மரமும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்பில் கலந்தது. கார்பன் கலக்கக் கலக்க இரும்பின் உருகுநிலை குறையும் என்பதால், தூய இரும்பை உருக்க இயலாத அந்த உலையில் இது உருகி உருக்காக உறைந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இதைப் பார்த்து எழுதிய ஐரோப்பியர்கள் ஆவாரையையும் எருக்கையும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

மைசூர், கொங்கு, மலபார் பகுதிகளில் 1800, 1801 ஆம் ஆண்டுகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், இத்தகைய உலைகளையும் அவற்றில் வேலை செய்தவர்களையும் விரிவாகப் பதிவு செய்துள்ளார். மழைக்குப் பின் ஓடைகளில் ஒதுங்கும் கருமணலை அள்ளிக் கழுவித் தாதுவாகப் பயன்படுத்தியது அவர் கண்ட முறைகளில் ஒன்று. சிறிய உலை, குறைந்த ஆட்கள், ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டும் வேலை என்பதே அவர் காட்டும் பொதுச் சித்திரம். ஒரே இடத்தில் காட்டை வழித்தெடுக்கும் அளவு பெரிய உற்பத்தியாக அது இருக்கவில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்தத் தொழிலாளர்கள் தெளிவான இடம் பெறுகின்றனர் என்று சொல்ல முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராஜராஜனின் கல்வெட்டுகள், ஊர்களின் வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர் நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரியையும் குறிப்பிடுகின்றன. கம்மாளர்கள் ஊரின் அங்கமாக இருந்தனர் என்பதற்கு இது சான்று. ஆனால் அவர்களுக்குக் கரி எரித்துத் தந்தவர்கள் ஊருக்கு வெளியே, காட்டில் வாழ்ந்தவர்கள். கல்வெட்டு எழுதியவர்களின் பார்வை பெரும்பாலும் வயலோடு நின்றுவிட்டது.

காற்றை உலைக்குள் அழைத்த இலங்கை

இலங்கையில் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்ட காலத்தில், நீரில் மூழ்கவிருந்த பகுதியில் தொல்லியல் ஆய்வு நடத்தப்பட்டது. பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், மேற்கு நோக்கி மலைச்சரிவுகளில் அமைக்கப்பட்டிருந்த எழுபதுக்கும் மேற்பட்ட இரும்பு உலைத் தளங்கள் கண்டறியப்பட்டன. அவை பெரும்பாலும் கி.பி. 7 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரையானவை.

ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் தென்மேல் பருவக்காற்று அந்தச் சரிவுகளில் பலமாக மோதும். துருத்தி ஊதாமலே, அந்தக் காற்றின் வேகத்தால் உலை எரிந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதே வடிவில் உலை கட்டி, அதே காற்றில் எரித்துப் பார்த்தபோது இரும்பும், கார்பன் மிகுந்த உருக்கும் கிடைத்தன. இதன் முடிவுகள் 1996-ல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியாயின. சரந்தீப் என்று தாங்கள் அழைத்த இலங்கையின் உருக்கை 9-ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றிய தமது நூலில் குறிப்பிட்டதற்கு இது ஒரு பின்புலத்தைத் தந்தது. மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்தை அண்டிய பகுதியிலும் உருக்கு தயாரித்த மூசைகளின் எச்சங்கள் அண்மை ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

இங்கே இயற்கை வளப் பயன்பாடு பற்றி ஒரு பாடம் இருக்கிறது. காற்று, தாது, மரம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் சேரும் வகையில் உற்பத்தி அமைக்கப்பட்டது. காற்று வீசும் சில மாதங்களில் மட்டுமே உலை எரிய முடியும். எஞ்சிய மாதங்கள் மரம் வெட்டவும், கரி எரிக்கவும், உலை கட்டவும் பயன்பட்டிருக்க வேண்டும். பருவம் விதித்த இந்த எல்லை, உற்பத்திக்கு மட்டுமல்ல, காட்டின் மீதான சுமைக்கும் ஓர் எல்லையாக இருந்தது.

இலங்கையின் இந்த மரபு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏதோ ஒரு வடிவில் உயிர்வாழ்ந்தது. அப்போது கனிம ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியில் எஞ்சியிருந்த முதியவர்களைக் கொண்டு உருக்கு தயாரிக்கும் முறையைச் செய்துகாட்டச் செய்து பதிவு செய்தார். மத்திய கால சிங்களக் கலை பற்றி அவர் 1908-ல் வெளியிட்ட நூலில் அது இடம்பெற்றிருக்கிறது.

பாஸ்க் காட்டிலிருந்து ஸ்ரௌவ்வில் வரை

தமிழர்கள் கணிசமாகக் குடியேறியுள்ள கனடாவின் ஸ்ரௌவ்வில், டொரன்டோ நகர மையத்திலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கு குடியிருப்புத் திட்டம் ஒன்றுக்காக நிலம் ஆயத்தம் செய்யப்பட்டபோது, 2002-ல், வென்டாட் பூர்வகுடி மக்களின் பெரிய கிராமம் ஒன்று கண்டறியப்பட்டது. மான்டில் தளம் என்று முதலில் பெயரிடப்பட்ட இது, இப்போது ஜான் பாப்டிஸ்ட் லேனே தளம் என அழைக்கப்படுகிறது. மர வேலி சூழ, தொண்ணூறுக்கும் மேற்பட்ட நெடுமனைகளின் தடயங்கள் அங்கு கிடைத்தன.

வென்டாட் மக்கள் இரும்பு உருக்கியவர்கள் அல்லர். ஆனால் அந்தக் கிராமத்தில் ஒரு நெடுமனையின் தரையில், வேண்டுமென்றே புதைக்கப்பட்டிருந்த தேனிரும்புத் துண்டு ஒன்று கிடைத்தது. கோடரி போன்ற கருவி ஒன்றின் பகுதி என்று கருதப்படும் அந்த இரும்பு, இன்றைய ஸ்பெயினின் வடபகுதியிலுள்ள பாஸ்க் நாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 16-ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்காகவும் மீன்பிடிப்புக்காகவும் லாப்ரடோர் கரைக்கு வந்த பாஸ்க் மாலுமிகளிடமிருந்து, பூர்வகுடிகளின் வணிக வழிகளில் அது கைமாறி உள்நாட்டுக்கு வந்திருக்கக் கூடும்.

பாஸ்க் நாட்டின் இரும்பும் மரக்கரியில் பிறந்ததே. அங்கு கரிக்காக மரத்தை அடியோடு வெட்டாமல், ஆள் உயரத்துக்கு மேல் கிளைகளை மட்டும் வெட்டிவிட்டு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் துளிர்த்து வளர்ந்ததும் வெட்டும் முறை வழக்கத்தில் இருந்தது. துளிர்களை ஆடு மாடுகள் எட்டிக் கடிக்காத உயரம் அது. அதே நிலத்தில் மேய்ச்சலும் நடந்தது. இங்கிலாந்தில், கரும்பில் மறுதாம்பு விடுவதைப் போல, மரத்தை அடியில் வெட்டித் துளிர்க்க விடும் முறை பரவலாக இருந்தது. இரும்பு உலைகள் இங்கிலாந்தின் காடுகளை அழித்தன என்ற பழைய கருத்தை, காட்டு வரலாற்று ஆய்வாளர் ஆலிவர் ராக்கம் மறுத்தார். ஆண்டுதோறும் கரி தேவைப்பட்ட உலை உரிமையாளருக்குக் காடு தொடர்ந்து வளர வேண்டியிருந்தது. காட்டை நிரந்தரமாக அழித்தது உழவுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் நிலத்தைத் திருத்தியதுதான் என்பது அவரது வாதம்.

ஸ்ரௌவ்வில் பகுதியின் பிற்கால வரலாறும் இதற்கு ஒத்துப்போகிறது. வென்டாட் மக்கள் தங்கள் கிராமங்களைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாற்றினர். நிலத்தின் வளம் குறைவதும், அருகில் விறகு தீர்வதும் அதற்கான காரணங்களில் முக்கியமானவை. கைவிடப்பட்ட இடத்தில் காடு மீண்டும் வளர்ந்தது. 1804-க்குப் பின்னர் குடியேறிய ஐரோப்பியர்கள் காட்டை வெட்டி நிரந்தர வயல்களாக மாற்றினர். மரம் அறுக்கும் ஆலைகள் பெருகின. ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் வடபகுதியின் மணற்பாங்கான மேட்டு நிலங்கள் காற்றில் பறக்கும் மணல்வெளிகளாகின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்டாரியோ மாகாணத்தில் எட்மண்ட் சாவிட்ஸ் முன்னெடுத்த மரம் நடும் திட்டங்களின் தொடர்ச்சியாக, 1924-ல் விவியன் பகுதியில் மீண்டும் காடு வளர்க்கும் பணி தொடங்கியது. இன்று அப்பகுதியினர் நடைப்பயிற்சி செல்லும் அந்த ஊசியிலைக் காடு, மனிதர் நட்டு வளர்த்த காடு.

கம்பெனியின் உலை

தமிழகத்தில் கரிக்கும் காட்டுக்கும் இடையிலிருந்த சமநிலையை உடைத்தது கொல்லரின் உலை அல்ல, கம்பெனியின் உலை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவையில் இருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத், 1830-ல் பறங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையிலான இரும்பாலை ஒன்றை நிறுவினார். தாது சேலம் பகுதியிலிருந்து வந்தது. உலைகளுக்குத் தேவையான கரிக்காகப் பரந்த நிலப்பரப்பில் மரம் வெட்டும் உரிமையை அரசிடமிருந்து பெற்றார்.

பறங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகி, உருக்கு தயாரிப்பாளர்களிடம் நற்பெயர் பெற்றது. ஆனால் ஆலை தொடர்ந்து நட்டத்தில் இயங்கியது. பெரிய உலைக்கு இடைவிடாமல் கரி வேண்டும். அருகில் இருந்த மரம் தீரத் தீர, கரியை மேலும் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. செலவு ஏறியது. நிலக்கரியில் உருவான பிரிட்டிஷ் இரும்பின் விலையோ இறங்கிக்கொண்டிருந்தது. 1860களில் பறங்கிப்பேட்டை உலைகள் ஓய்ந்தன.

இதே காலத்தில்தான் ரயில் வந்தது. 1856-ல் சென்னை ராயபுரத்திலிருந்து முதல் பயணிகள் ரயில் ஓடியது. தண்டவாளக் கட்டைகளுக்கும் எஞ்சின் அடுப்புக்கும் மரம் தேவைப்பட்டது. அதே 1856-ல் மதராஸ் மாகாணத்தில் வனத்துறை அமைக்கப்பட்டு ஹியூ கிளெக்ஹார்ன் அதன் முதல் வனப் பாதுகாவலரானார். 1882-ல் மதராஸ் வனச் சட்டம் நிறைவேறியது. காடுகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. அனுமதியின்றி மரம் வெட்டுவதும் கரி எரிப்பதும் குற்றமாயின.

கிராமத்து உலைக்கு இது இரட்டை அடியாக அமைந்தது. ஒரு பக்கம் இறக்குமதி இரும்பு மலிவாகக் கிடைத்தது. மறுபக்கம் கரிக்கான மரம் சட்டத்துக்கு அப்பால் போனது. பல நூற்றாண்டுகள் உலகச் சந்தையில் நின்ற ஒரு தொழில்நுட்பம் இரண்டு தலைமுறைகளுக்குள் ஏறக்குறைய மறைந்தது. காட்டைப் பாதுகாக்கும் தேவை உண்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும் தேவையை உருவாக்கியவர்களும், அதற்கான தடையின் சுமையைச் சுமந்தவர்களும் ஒருவர் அல்லர்.

கரி சொல்லும் காலம்

எரிந்த மரம் வேறொரு வகையிலும் வரலாற்றுக்கு உதவுகிறது. கரி மண்ணில் எளிதில் மக்குவதில்லை. அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து மரத்தின் வயதைக் கணிக்க முடியும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 வரை செல்வதாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்ததும், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் அது கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை செல்வதாக 2025 ஜனவரியில் அறிவித்ததும் பெருமளவில் கரி மாதிரிகளின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டவை.

இத்தகைய கணிப்புகளை எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்று கூறும் ஆய்வாளர்களும் உண்டு. கரி தருவது மரம் வளர்ந்த காலத்தையே தவிர, அது எரிக்கப்பட்ட காலத்தை அல்ல. முதிர்ந்த மரத்தின் உட்பகுதி என்றால் இந்த இடைவெளி பெரிதாகலாம். கால மதிப்பீடுகள் மாறக்கூடும் என்பதற்கு ஸ்ரௌவ்வில் கிராமமே நல்ல எடுத்துக்காட்டு. அது 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று முதலில் கருதப்பட்டது. 2018-ல் வெளியான புதிய கதிரியக்கக் கார்பன் ஆய்வு, அது அந்த நூற்றாண்டின் இறுதியையும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தது என்று காட்டி, அப்பகுதியின் கால வரிசையையே மாற்றியமைத்தது.

இன்றைய மூட்டங்கள்

மரக்கரி கடந்துபோன காலத்தின் பொருள் அல்ல. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி 2015-ல் உலகில் சுமார் 5 கோடியே 20 லட்சம் டன் மரக்கரி உற்பத்தியானது. அதில் பாதிக்கும் மேற்பட்டது ஆப்பிரிக்க நாடுகளில், பெரும்பாலும் நகர்ப்புற ஏழைகளின் அடுப்புக்காக. பிரேசிலில் தைல மரத் தோட்டங்களிலிருந்து எடுத்த கரியால் இன்றும் இரும்பு உருக்கப்படுகிறது. இலங்கையில் தேங்காய்ச் சிரட்டைக் கரி, நீரையும் காற்றையும் சுத்திகரிக்கும் கார்பனாக மாற்றப்பட்டு ஏற்றுமதியாகிறது. மரம் வெட்டாமல் கிடைக்கும் கரி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் சீமைக் கருவேல மரம் கரிக்கு மூலப்பொருள். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இம்மரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் என்று பின்னர் வறண்ட மாவட்டங்களில் அரசே விதைகளைப் பரப்பியது. இன்று கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் ஆக்கிரமித்து, நாட்டு மரங்களை வளரவிடாமல் செய்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு அது உள்ளாகியிருக்கிறது. அதை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் பிறப்பித்த உத்தரவுகள் பெரும் விவாதத்தை எழுப்பின. அதே ஆண்டில், விளைவுகளை ஆராயாமல் அகற்றுவது சரியா என்ற கேள்வி எழுந்து அப்பணி நிறுத்திவைக்கப்பட்டது. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது.

மழை பொய்த்த ஆண்டுகளில் விவசாயம் கைவிட்ட குடும்பங்களைக் காப்பாற்றுவது கரிமூட்டம்தான் என்பதும் உண்மை. வெட்ட வெட்டத் துளிர்க்கும் இம்மரம், அந்த வகையில் மத்திய காலக் கரிக்காட்டின் வேலையைச் செய்கிறது. அதே வேளை, மூட்டப் புகையை நாள் முழுதும் சுவாசிப்பவர்களுக்கு வரும் மூச்சுத் தொல்லைகளும் தீக்காயங்களும் இத்தொழிலில் அன்றாட ஆபத்துகள். மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமை முறையும் முற்றாக ஒழியவில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டனர். முன்பணமாகப் பெற்ற சிறு கடன்களுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்ய வைக்கப்பட்டிருந்தனர்.

சீமைக் கருவேலத்தை அகற்றும் திட்டம் எதுவானாலும், அதை வெட்டிக் கரியாக்கி வாழ்பவர்களுக்கு மாற்று என்ன, அகற்றிய நிலத்தில் எந்த மரம் யாருடைய பொறுப்பில் வளரும் என்ற இரு கேள்விகளுக்கும் விடை தர வேண்டியிருக்கும். சமனலவெவ, பாஸ்க் நாடு, பறங்கிப்பேட்டை ஆகிய மூன்றின் வரலாறும் காட்டுவது ஒன்றுதான். மரம் மீண்டும் வளர்வதால் பயனடையும் நிலையில் கரி எரிப்பவர் இருந்த இடங்களில் காடு நீடித்தது. மரத்தின் மீது அவருக்கு எந்த உரிமையும் இல்லாமல், தேவையை மட்டும் தொலைவிலுள்ள சந்தை நிர்ணயித்த இடங்களில், காடும் போனது, தொழிலும் போனது.